கவிச்சி படாத தீனி

ஜவஹர் ஐந்து மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டித் தகரச் சுவரோரம் நிறுத்தினான். பல் துலக்கி, முகம் கழுவி, மூன்று சக்கர வண்டியில் நான்கு நீல டிரம்களை ஏற்றிக் கயிறு கட்டினான். மாமியார் தேவானை வைத்துவிட்டுப் போயிருந்த டீ ஆறிப்போயிருந்தது. குடித்தான். கால்வாய்க் கரையிலிருந்து சாலைக்கு ஏறும்போது தலைக்கு மேலே பறக்கும் ரயில் போயிற்று.

தெற்கு மாட வீதி மெஸ்ஸில் ஒரு டிரம் நிறையும். சமையற்கட்டு மாமா பின்கதவைத் திறந்து, "ரசம் நெறைய மிஞ்சிடுத்து, முதல்ல அதை எடுத்துண்டு போ" என்பார். கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாளென்றால் இரண்டு டிரம். அபிராமபுரத்தில் வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் மிச்சம். சோறு, சாம்பார், ரசம், கூட்டு, காய்ந்த இட்லி, முகூர்த்த நாளில் பாயசம். எட்டு மணிக்குக் கரை திரும்பினால் தேவானை டிரம்மில் முழங்கை வரை விட்டுத் துழாவுவாள். பிளாஸ்டிக் கவர், பல்குத்தும் குச்சி, வாழையிலைத் தண்டு, ஒரு முறை ஒரு வெள்ளி மெட்டி. எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்ட பின் பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மில் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். ஆறியதும் தொட்டியில் சாய்ப்பார்கள். பன்றிகள் முண்டியடித்துக்கொண்டு வரும். பத்து நிமிடத்தில் தொட்டி காலி.

வெள்ளிக்கிழமை என்றால் அதற்குப் பிறகு அளவு எடுக்க வேண்டும். தையல்காரர் நாடாவால் மார்புச் சுற்றளவு ஒன்று, காதிலிருந்து வால் வரை நீளம் ஒன்று. அதை வைத்துக் கைபேசியில் எடை போடுவான். அந்த வெள்ளிக்கிழமையும் போட்டான். குட்டிகள் பதினேழும் பிறந்து ஆறரை மாதம். எதுவும் முப்பத்தெட்டு கிலோவைத் தாண்டவில்லை. அவன் மனைவி ஜோதிலட்சுமி இருந்த காலத்தில் இந்த வயசுக் குட்டி எண்பது நிற்கும்.

"இன்னா சொல்லுது போனு?" என்றாள் தேவானை.

"அப்டியேதான் கீது."

"போனுக்கு இன்னா தெரியும். தொப்பயப் பாரு, நம்ம கவுன்சிலர் கணக்கா."

தொப்பை இருந்தது. ஊதிய வயிறும் ஒட்டிய பின்தொடையுமாக, முதுகில் மயிர் முள்ளாய் நிற்க, குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன. நான்கைந்துக்கு வால் இல்லை. இருந்த இடத்தில் புண். ஜவஹர் வேப்பெண்ணெய் தடவினான். கசப்புக்காவது விடும் என்று பார்த்தான். விடவில்லை.

ஜோதி இருந்தபோது பன்றி வேலை முழுக்க அவளுடையது. அவன் தி.நகரில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான். மெஸ் நடை முடித்த பிறகு அவள் நொச்சிக்குப்பத்துக்கு ஒரு நடை போவாள். குப்பம்மா என்ற மீன்காரி அவளுக்காகத் தலை, குடல், நசுங்கிய மத்தி எல்லாவற்றையும் ஓர் அன்னக்கூடையில் சேர்த்து வைத்திருப்பாள். அதைத் தனியாக வேகவைத்து, முள் மாவாகும் வரை இடித்து, தீனியில் கலப்பாள் ஜோதி. பால் மறந்த குட்டிக்கு இரண்டு கை. பாதி வளர்ந்ததற்கு ஒரு கை. பெரியதுக்கு வாசனைக்கு. அது என்ன கணக்கு என்று அவன் ஒரு முறை கேட்டான். "வளர்றதுக்குத்தான்யா பசி. வளந்ததுக்கு வெறும் வாயி" என்றாள்.

போன டிசம்பர் வெள்ளத்தில் கால்வாய் பட்டிக்குள் ஏறியது. இரண்டு தாய்ப்பன்றிகளையும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ரயில் நிலையப் படிக்கு ஓட்டி ஏற்றினாள். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். வீட்டில் எலி உண்டா, மாடு பன்றி உண்டா என்று டாக்டர் கேட்டார். பன்றி உண்டு என்றான் ஜவஹர். அவற்றின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்றால் வரும் காய்ச்சல் என்று டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வியைப் பற்றி அவன் தேவானையிடம் பேசியதில்லை.

ஆறாம் நாள் மதியம் தேவானை பன்றிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போனாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஜோதி போய்விட்டாள். நான்கு மணிக்குத் தேவானை திரும்பி வந்தபோது முழங்கையில் தவிடு ஒட்டியிருந்தது. வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து, தீனி வைக்கப் போயிட்டனே, பன்னிக்குத் தீனி வைக்கப் போயிட்டனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். ஜவஹர் அந்தத் தவிட்டைப் பார்த்தான். பன்னிங்களக் கைவுட்றாதீங்கன்னு சொன்னா, என்றான். தேவானையின் கை தலையில் பாதி வழியில் நின்றது. பிறகு அடித்துக்கொள்ளவில்லை.

ஜோதி அப்படிச் சொல்லவில்லை. வாயில் வந்ததை அவன் சொன்னான். அந்தச் சொல் அன்றோடு செத்துப்போகும் என்று நினைத்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில் தேவானை கற்பூரத்தின் முன் கையை நீட்டி, வருசம் திரும்பும் வரை இந்த வாசப்படிக்குள் கவிச்சி வராது என்று சத்தியம் செய்தாள். துக்கம் நடந்த வீட்டில் மீனும் கறியும் விடுவது உள்ளதுதான். யாரோ ஒரு பங்காளி, அப்ப பன்னிங்களுக்கு, என்று கேட்டுவைத்தான்.

"அதுங்கள யார்னு நெனச்சிக்கினு கீற?" என்றாள் தேவானை. "எம்பொண்ணு கடசி மூச்சுல சொன்னது என்ன இல்ல, கட்ன புருசன இல்ல. அதுங்களத்தான். நா துன்னாதத்த அதுங்க மட்டும் துன்னுமா? அதுங்களுக்கும் ஒரு வருசம்."

யாரும் சிரிக்கவில்லை. ஜவஹர் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வடையை எடுத்துக் கடித்தான்.

வேலையை விட்டுவிட்டு டிரம் வண்டியை மிதிக்கத் தொடங்கினான். மார்ச் கடைசியில் தாய்ப்பன்றிகள் குட்டி போட்டன. ஜோதி போன பின் பிறந்த குட்டிகள். அவை மீன் வாசனையே அறியாமல் மயிலாப்பூர் மெஸ் சாப்பாட்டில் வளர்ந்தன. செய்தி நொச்சிக்குப்பம் வரை போயிற்று. ஒரு நாள் லூப் சாலை வழியே வண்டியில் போனபோது குப்பம்மா வஞ்சிரம் வெட்டிய கத்தியைத் தூக்கி அவனை நிறுத்தினாள்.

"இன்னா மாப்ள, பன்னிக்குல்லாம் மாலை போட்டு உட்டுட்டீங்களாமே. எந்த மலைக்கு இட்டுக்கினு போறீங்க?"

அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள். கூடை தினமும் ரொம்பிக்கினுதான் கீது, நாய்க்குக் கொட்றேன், ஜோதி பொண்ணு கை பட்ட கூடை, சொல்லி அனுப்பினா போதும் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்தான்.

செப்டம்பரில் கால்நடை டாக்டர் ஹம்சினி வந்தாள். அடையாறிலிருந்து தெருநாய்களுக்கு ஊசி போட வரும் குழுவில் இருப்பவள். அவனைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். வாலைக் கடிக்கிறதே என்று காட்டினான். அவள் பட்டிக்குள் இறங்கி, ஒரு குட்டியின் முதுகில் விரலை அழுத்தினாள். பின்தொடையைப் பிடித்தாள். தொட்டியை முகர்ந்தாள்.

"இது வியாதி இல்லங்க. பட்டினி."

"நாலு டிரம் துன்னுதுங்க, மேடம்."

"வயிறு நெறையுது. சதை கட்டறதுக்கு வேண்டியது வரல. புரதம்னா ஒரே பொருள் இல்ல, அதுக்குள்ள இருபது அமினோ அமிலம். அதுல பத்தைப் பன்னி உடம்பு தானா செஞ்சுக்காது, தீனியிலதான் வரணும். அரிசிச் சோத்துல மொதல்ல பத்தாமப் போறது லைசின். மாட வீதியில கதம்பம் கட்டறாங்கல்ல? மரிக்கொழுந்து தீர்ந்துபோச்சுன்னா கூடை நெறைய மல்லி இருந்தாலும் கதம்பம் அதோட நின்னுடும். அந்த மாதிரிதான். லைசின் எவ்வளவோ அவ்வளவுதான் சதை. மத்ததெல்லாம் கொழுப்பாப் போகும், இல்ல மூத்திரமாப் போகும்."

"சாம்பார்ல பருப்பு இருக்கே."

"மிஞ்சின சாம்பார்ல பருப்பு எங்க இருக்கு? புளித்தண்ணிதானே." அவள் கையுறையைக் கழற்றினாள். "வளர்ற வயசுக்குத்தான் இது அதிகம் வேணும். நூறு கிலோ உலர்ந்த தீனியில ஒரு கிலோ லைசின். சோத்துல கால் கிலோ தேறினாப் பெரிசு. பெரிய பன்னிக்குக் கொறைச்சலே போதும், அதனாலதான் உங்க தாய்ப்பன்னி ரெண்டும் தாங்குது. முன்னாடி என்ன போட்டீங்க?"

"மீன் தலை."

"அதுல நெறைய இருக்கே. ஏன் நிறுத்துனீங்க?"

சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. கையுறையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, ஒம்பது மாசமா, என்று மட்டும் கேட்டாள்.

ஜவஹர் வேதியியல் படித்தவன். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் லைசினின் கட்டமைப்பை வரைந்து எட்டுக்கு எட்டு வாங்கியவன். இரண்டு கை, ஒரு கை, வாசனைக்கு என்று ஜோதி போட்டுக்கொண்டிருந்தது அந்தப் படம்தான் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

லைசின் தூள் வாங்கி வந்தான். வெள்ளைத் தூள், சர்க்கரைச் சத்தை நுண்ணுயிரைக் கொண்டு புளிக்கவைத்துச் செய்வது, கவிச்சி கிடையாது. தேவானை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கலக்க விட்டாள். மூன்று வாரத்தில் குட்டிகள் இரண்டு கிலோ ஏறின. பிறகு நின்றுவிட்டன. போனில் கேட்டபோது, லைசின் குறையை அடைத்தால் அடுத்ததாகத் திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் குறை தலைதூக்கும் என்றாள் ஹம்சினி. சோயாப் புண்ணாக்கு போடச் சொன்னாள். அதுவும் சைவம்தான். இரண்டு மூட்டை இறக்கினான். நல்லா வருமா என்று கேட்டான். வரும், ஆனா போன மாசமெல்லாம் திரும்பாது, எண்பதுக்கு இன்னும் மூணு நாலு மாசம் ஆகும் என்றாள்.

மூன்று நான்கு மாதம் அவர்களுக்கு இல்லை. மழைக்கு முன் கரையைக் காலி செய்யச் சொல்லி ஒவ்வொரு கதவிலும் தாள் ஒட்டிவிட்டார்கள். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஒரு வீடு. வியாழக்கிழமை இடிக்கும் வண்டி வரும். அதற்குள் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காதவருக்கு வீடு கிடையாது. பட்டியில் இருக்கும் பன்றிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கரையில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். தேவானை கையெழுத்துப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை லாசர் வந்தார். சாந்தோம்காரர், கிறிஸ்துமஸுக்குப் பன்றி வாங்கி அறுப்பவர், ஜோதியிடம் எட்டு வருடமாக வாங்கியவர். பட்டியைச் சுற்றி வந்து, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தேவானக்கா, கோச்சிக்காத. இத்த அறுத்துப் போட்டா பங்குச் சாமியாரே என்ன அடிக்க வருவாரு. பூரா நெய்யி. கறியே இல்ல."

"உன்ன யாரு கூப்ட்டா?"

"மாப்ளதான் கூப்ட்டாரு. நா ஒரு வழி சொல்றன், கேளு. திண்டிவனத்துக்கு அப்பால எனக்குத் தெரிஞ்ச பண்ண ஒண்ணு கீது. மீன் தூளு, சோயா, எல்லாம் போட்றான். இதுங்கள வச்சி வளத்துப்பான். தாயி ரெண்டையும் எடுத்துப்பான். நாளைக்கிக் காலையில வண்டி அனுப்பறன்."

"எங்கியும் போவாது."

"எட்டாவது மாடிக்கு லிப்ட்ல ஏத்திக்கினு போப்போறியா?"

"நானே போவல, அதுங்க எங்க போவுது? வியாயக்கெயம வண்டி வரட்டும். எம்மேல ஏத்திக்கினு போவட்டும். எம்பொண்ணு கைவுடாதன்னுட்டுப் போயிருக்கா. மீனு துன்னுற எடத்துக்குத் தள்ளி உட்டுட்டு நா போய் மேல குந்திக்கினு காத்து வாங்கணுமா?"

லாசர் ஜவஹரைப் பார்த்தார். ஜவஹர் கால்வாயைப் பார்த்தான். வண்டி எதுக்கும் வரும், அக்கா மனசு மாறினா ஏத்துங்க என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு லாசர் படியேறினார்.

புதன்கிழமை அவன் டிரம் எடுத்துக்கொண்டு போகவில்லை. கடைசிக் குட்டி இரண்டு நாளாகப் பின்காலை இழுத்துக்கொண்டிருந்தது. வால் புண் உள்ளே ஓடி முதுகெலும்பைப் பிடித்திருக்கும் என்று ஹம்சினி சொல்லியிருந்தாள். விடிந்து பார்த்தபோது அது பட்டி மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. தேவானை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ரசம் சோற்றைக் கரைத்து வாயோரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றியது அப்படியே வழிந்தது. மற்றவை வட்டமாக நின்று, வழிந்ததை நக்கப் பார்த்தன. அவள் கையால் விலக்கினாள்.

அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். விறைத்திருந்தது.

"அத்த, அது செத்துப்போச்சி."

"தூங்குது."

அவன் எதிரே மண்ணில் உட்கார்ந்தான். மாமியார் எதிரில் அவன் அப்படி உட்கார்ந்ததில்லை. வண்டி வரும் நேரம் என்றான். வரட்டும் என்றாள். மேலே ரயில் போகும் வரை காத்திருந்தான்.

"ஜோதி அப்டி சொல்லல, அத்த."

"எப்டி?"

"பன்னிங்களக் கைவுடாதீங்கன்னு. அவ சொல்லல. நாந்தான் சொன்னன்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் குட்டியின் வாயைத் துடைத்தாள். மூக்கையும் துடைத்தாள்.

"இப்பத்தான் பொய் சொல்ற. என்ன அந்த மாடிக்கு இட்டுக்கினு போறதுக்கு."

"அன்னிக்குத்தான் பொய். கையெல்லாம் தவிடா வந்து நின்னீங்க. தீனி வைக்கப் போயிட்டனேன்னு அடிச்சிக்கினீங்க. என்னால பாக்க முடியல. வாயில வந்தத சொல்லிட்டன்."

"எனக்கோசரம்."

"ஆமா."

"பத்து மாசம், மாப்ள." குரல் ஏறவில்லை. "பத்து மாசம் மீன நா கண்ணால பாக்கல. இதுங்க வாசத்துக்குக் கூட மோந்து பாக்கல. நீ சோயா கொட்ற, பவுடர் கொட்ற, டாக்டரு கிட்ட பேசற, நாடா வச்சி அளக்கற. இத்த மட்டும் சொல்ல வாய் வரல உனக்கு."

அவன் கிண்ணத்தில் மொய்த்த ஈயை விரட்டினான்.

"மீனு போட்டிருந்தா இது செத்திருக்காது இல்ல?"

இல்லை என்று சொல்லலாம். வால் புண் எந்தத் தீனியிலும் வரும் என்று சொல்லலாம், அதுவும் ஓரளவு உண்மைதான். அவள் கேட்ட முகம் அந்த வராந்தா முகமாகவே இருந்தது.

"செத்திருக்காது" என்றான்.

அவள் தலையசைத்தாள். மடியிலிருந்த தலையை எடுத்து மண்ணில் வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பட்டியின் கொக்கியைத் தூக்கினாள்.

வண்டி ஒன்பது மணிக்கு வந்தது, லாசரும் கூட வந்தார். பலகை போட்டு, காதையும் பின்காலையும் பிடித்து ஏற்றினார்கள். கத்தல் சாலை வரை கேட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாய்ப்பன்றிகளில் மூத்தது பலகையில் கால் வைக்க மறுத்தது. டிரைவர் கம்பை எடுத்தான். தேவானை அவன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கி எறிந்தாள். முறத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு அதன் மூக்குக்கு முன்னால் பின்நடையாகவே பலகை ஏறினாள், அது அவள் பின்னால் ஏறியது. வண்டிக்குள் நின்று லாசரிடம், இன்னிக்கே மீன் போடச் சொல்லு, ஒரே நாள்ல நெறைய வேணாம், கொஞ்சம் கொஞ்சமா என்றாள். லாசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சரி என்றார்.

வண்டி போன பிறகு ஜவஹர் வேலியோரம் குழி வெட்டிக் குட்டியைப் புதைத்தான். திரும்பி வந்தபோது தேவானை கைகால் கழுவிக்கொண்டு, கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். பட்டிக் கதவு திறந்தே கிடந்தது. சாவி வாங்கும் ஆபீஸ் எத்தனை மணி வரை என்று கேட்டாள். அஞ்சு மணி வரை என்றான். ஆஸ்பத்திரி டாக்டர் பன்றி உண்டா என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. அது அவனோடு போகட்டும்.

"இப்ப சொல்லு" என்றாள்.

"இன்னாத்த?"

"நெஜமா இன்னா சொன்னா எம்பொண்ணு?"

"ஒண்ணியும் இல்ல, அத்த. சும்மா."

"சும்மாவே சொல்லு."

அவன் ஈர மண்ணில் பன்றிக் குளம்புகள் பதிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மஞ்சள் ஏறியதில் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மூன்று மணி வாக்கில் கண் திறந்தாள். முதுகு அரிக்குதுய்யா என்றாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிச் சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்தான். நகம் படாமல் மெதுவாகச் சொறிந்தான். அவளுக்கு அது போதவில்லை.

"இன்னா சொன்னா?"

"'அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்கதான்.'"